ரீபோர் செய்த மாருதி 800: முதல் ஆயிரம் கிலோமீட்டர்

என்ஜின் வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்ச நாளைக்கு மெதுவா ஓட்டுங்க." என் பழைய மாருதி 800-க்கு முதல் தடவை ரீபோர் செய்தபோது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டனும் ரிங்கும் போட்டபோது, நானும் அப்படியே செய்தேன். பட்டறையில் ஒரு மணி நேரம் ஐடிலிங்கில் விட்டார்கள். அப்புறம் இரண்டு மாதம் மாட்டுவண்டி போல உருட்டினேன். ஆயில் குடிப்பது நிற்கவே இல்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. மறுபடி ஹோனிங், மறுபடி ரிங் செட்.

ஹோனிங் கல் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகளை விட்டுவைக்கும். புது ரிங் (பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையம்) அந்தக் கோடுகளின் முகடுகளைத் தேய்த்து உட்கார வேண்டும். எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ளினால்தான் அது நடக்கும். மெதுவாக உருட்டி, என்ஜினுக்கு லோடு (இழுக்கும் பாரம்) இல்லாவிட்டால் அந்தத் தள்ளல் போதாது. ஆயில் சுவரிலேயே கருகிப் படிந்து கோடுகளை மூடிவிடும்.

1. ஸ்டார்ட் செய்யும் முன்

சாதாரண மினரல் ஆயில், 20டபிள்யூ-40 போதும். சிந்தெடிக் இப்போது வேண்டாம். டிப்ஸ்டிக் அளவுக்கு ஊற்றி, ரேடியேட்டரையும் நிரப்புங்கள். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, பத்து பத்து விநாடியாக, இடைவெளி விட்டு செல்ஃப் அடியுங்கள். டாஷ்போர்டில் ஆயில் லைட் (ஆயில் பிரஷர் இல்லை என்று காட்டும் விளக்கு) அணையும் வரை பிளக்கைத் திரும்ப மாட்டக் கூடாது. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டி என்றால் பெட்ரோல் பம்ப் பியூசையும் எடுத்துவிடுங்கள்.

2. முதல் ஸ்டார்ட்

டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் இறங்கிச் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். பிடித்ததும் ஆயில் லைட்டைப் பாருங்கள். ஐந்து விநாடிக்குள் அணையவில்லை என்றால் உடனே ஆஃப். அணைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வைத்து, எங்காவது கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் சில நிமிடம் புகை வரும், பயப்பட வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடியதும் நேராக ரோட்டுக்கு.

(அம்பாசிடரின் பழைய புஷ்ராடு பெட்ரோல் என்ஜினில் கேமும் டாப்பெட்டும் (வால்வைத் திறக்கும் தண்டும் அதோடு உரசி நகரும் பாகமும்) புதிது என்றால் கதை வேறு. அதை 2000 ஆர்பிஎம் அளவில் இருபது நிமிடம் ஓட விட வேண்டும்.)

3. ரோட்டில்

இதுதான் முக்கியமான அரை மணி நேரம். காலை நேரத்தில் காலியாகக் கிடக்கும் பைபாஸ் நல்லது. 800-ல் ஆர்பிஎம் மீட்டர் இல்லாததால் கியரையும் வேகத்தையும் வைத்துத்தான் கணக்கு. மூன்றாவது கியரில் 30-ல் இருந்து 60 வரை, ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்து ஏற்றுங்கள். 60 வந்ததும் ஆக்சிலேட்டரில் இருந்து காலை முழுக்க எடுத்துவிடுங்கள். பிரேக் தொடாமல் என்ஜினே 30-க்கு இழுத்து வரட்டும். அப்படி இறங்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி ஆயில் மேலேறும், தேய்ந்த தூளைக் கழுவும். பத்துப் பன்னிரண்டு தடவை செய்யுங்கள், ஒரு கண் டெம்பரேச்சர் மீட்டரில் இருக்கட்டும்.

4. அன்றே ஆயில் மாற்றுங்கள்

பில்டரோடு சேர்த்து. காசு வீண் என்று தோன்றும். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் தோன்றாது. சாம்பல் நிற மினுமினுப்பு சகஜம். விரலில் தட்டுப்படும் செதிலோ செம்பு நிறத் துணுக்கோ இருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

5. மிச்ச தூரம்

முதல் 500 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம், 70-ஐத் தாண்ட வேண்டாம். மேட்டில் நாலாவது கியரில் திணற விடாதீர்கள், கியரைக் குறையுங்கள். 500-ல் இன்னொரு ஆயில் மாற்றம். ஆயிரத்தில் டாப்பெட் கேப் (வால்வு இடைவெளி) பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் நீலப் புகை வந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) எடுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் உட்காரவில்லை. ஏறாவிட்டால் ஹெட்டில், வால்வைப் பார்க்க வேண்டும்.