ஃபிரேம் ரேட் மாற்றும்போது ஒலி ஏன் விலகுகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிரேம் ரேட்டை, அதாவது ஒரு நொடியில் காட்டப்படும் படங்களின் (ஃபிரேம்களின்) எண்ணிக்கையை, மாற்றுவது என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. முதலாவதில் வீடியோவின் மொத்த நேரம் மாறுவதில்லை. மென்பொருள் சில ஃபிரேம்களை நீக்கியோ, சிலவற்றை இருமுறை காட்டியோ, இடையே புதியவற்றை உருவாக்கியோ எண்ணிக்கையைச் சரிக்கட்டுகிறது. இரண்டாவதில் ஒரு ஃபிரேம்கூடக் கூடுவதோ குறைவதோ இல்லை. அதே ஃபிரேம்கள் வேகமாகவோ மெதுவாகவோ ஓடுவதால் நேரம்தான் மாறுகிறது. முதல் வழியில் ஒலியைத் தொடவே கூடாது. இரண்டாவது வழியில் ஒலியையும் அதே விகிதத்தில் மாற்றியே ஆக வேண்டும். இவற்றுள் எதைச் செய்கிறோம் என்று முடிவெடுக்காமல் வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு. பிற தவறுகள் பலவும் இதன் கிளைகளே.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்று மென்பொருளைப் பயன்படுத்துவோர் இதில் எளிதாகச் சிக்கிக்கொள்கிறார்கள். அதில் ஃபிரேம் ரேட்டைக் குறிக்கும் 'ஆர்' (-r) என்ற தேர்வை உள்ளீட்டுக் கோப்புக்கு முன்னால் எழுதினால், அது ஒவ்வொரு ஃபிரேமும் எப்போது வர வேண்டும் என்று கோப்பில் பதிவாகியுள்ள நேரக்குறிகளைப் புறக்கணித்துவிட்டு, நாம் கொடுத்த வேகத்தில் ஃபிரேம்களைப் புதிதாக அடுக்குகிறது. வீடியோவின் நேரம் மாறிவிடுகிறது, ஒலியோ பழைய நேரத்திலேயே நிற்கிறது. அதே தேர்வை வெளியீட்டுக் கோப்புக்கு முன்னால் எழுதினால் நேரம் அப்படியே இருக்க, ஃபிரேம்கள் மட்டும் கூட்டப்பட்டோ குறைக்கப்பட்டோ வருகின்றன. ஒரே எழுத்து, இடம் மாறியதும் வேறு வேலை செய்கிறது. இரண்டுமே பிழைச்செய்தி எதையும் காட்டுவதில்லை.

நேரத்தை மாற்றும் வழிக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு, நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுத்த திரைப்படத்தை 25 ஃபிரேம் தொலைக்காட்சி முறைக்குக் கொண்டுவருவது. படம் ஏறத்தாழ 4 விழுக்காடு வேகமாக ஓடும். 2 மணி நேரப் படம் 115 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். ஒலியையும் அதே அளவு வேகப்படுத்தும்போது சுருதியைக் கவனிக்காவிட்டால் அது சுமார் 0.7 அரைச்சுரம் உயர்ந்துவிடும். பேச்சு மிகுந்த படத்தில் இதைப் பலர் உணர மாட்டார்கள். பாடல்களில் பழகிய காது உடனே கண்டுகொள்ளும். சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி பெரும்பாலான ஒலி மென்பொருள்களில் உண்டு என்றாலும், தாளக் கருவிகளின் கூர்மை அதில் சற்று மழுங்கலாம் என்பதால், இசை மிகுந்த பகுதிகளை ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுத் தேர்வு செய்வதே சரி. இங்கே நடக்கும் இன்னொரு பிழை, ஒலித்தடத்தை மறுகுறியாக்கம் செய்யாமல் அப்படியே நகலெடுக்கும்படி அமைத்துவிட்டு வீடியோவின் வேகத்தை மட்டும் மாற்றுவது. சுருக்கப்பட்ட ஒலியை விரித்து, வேகத்தை மாற்றி, மீண்டும் சுருக்கித்தான் தீர வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

4 விழுக்காட்டுப் பிழை சில நொடிகளிலேயே தெரிந்துவிடும். உண்மையில் ஆபத்தானது 0.1 விழுக்காட்டுப் பிழை. அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்கான தரம் வகுக்கப்பட்டபோது, நொடிக்கு 30 ஃபிரேம் என்ற வேகம் ஆயிரத்தொன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. இன்றும் நாம் காணும் 29.97, 23.976, 59.94 ஆகிய எண்கள் அதன் எச்சங்கள். 23.976-ஐ 24 என்றோ, 29.97-ஐ 30 என்றோ எடுத்துக்கொண்டு நேரத்தை மாற்றிவிட்டால், 10 நிமிடத்தில் 0.6 நொடியும் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடியும் விலகல் சேரும். முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைபவருக்கு இது புலப்படவே புலப்படாது. சில மென்பொருள்கள் திரையில் காட்டும் 23.98 என்ற சுருக்க எண்ணைக் கணக்கில் அப்படியே இடுவதும் இதே வகைதான்: அதனால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 0.6 நொடி விலகும். 23.976 என்று இட்டாலோ விலகல் மணிக்குச் சில மில்லிநொடிகளைத் தாண்டாது. பின்ன வடிவை ஏற்கும் கருவியில் 24000-ஐ 1001-ஆல் வகுத்த பின்னமாகவே கொடுப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

ஆகவே சோதனையைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் செய்ய வேண்டும். எங்கும் ஒரே அளவில் ஒலி பிந்தினால் அது தொடக்கப் புள்ளியின் பிழை. ஒலியை நகர்த்தினால் போதும். போகப்போக விலகல் வளர்ந்தால் அது வேகப் பிழை. அதை நகர்த்திச் சரிசெய்ய முயல்பவர் நடுவில் ஒரு காட்சியைப் பொருத்தி இரு முனைகளையும் கெடுத்துக்கொள்வார். எவ்வளவு துல்லியம் தேவை என்பதற்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று உதவுகிறது: ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர் அதை உணரத் தொடங்குகிறார். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி என்பதால், ஒலி ஓரிரு ஃபிரேம் முந்துவதே கண்ணில் பட்டுவிடும்.

விலகல் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் தெரிந்தால், மூலக்கோப்பின் ஃபிரேம் ரேட் நிலையானதல்ல என்று சந்தேகிக்க வேண்டும். கைபேசிகள் வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் ரேட்டைத் தாமாகவே குறைத்துக்கொள்வதுண்டு. திரைப்பதிவு மென்பொருள்களும் திரையில் அசைவில்லாத நேரத்தில் ஃபிரேம்களைச் சேமிக்காமல் விடுவதுண்டு. இத்தகைய கோப்பை ஒவ்வொரு ஃபிரேமும் சம இடைவெளியில் உள்ளதாகக் கருதும் எடிட்டிங் மென்பொருளில் நேரடியாக இட்டால், ஒலி ஓரிடத்தில் முந்தும், ஓரிடத்தில் பிந்தும்; எந்த ஒற்றை விகிதமும் அதைத் தீர்க்காது. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் அதைத் திறந்தால் ஃபிரேம் ரேட் நிலையானதா மாறுவதா என்பது தெரியும். 29.87 போன்ற வழக்கத்தில் இல்லாத சராசரி எண்ணும் ஓர் அடையாளமே. எடிட்டிங்கைத் தொடங்கும் முன்பே, நேரக்குறிகளை மதித்து நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வெட்டி ஒட்டிய பிறகு செய்தால் வேலை முழுவதையும் திரும்பச் செய்ய நேரும்.

29.97 வேகத்தில் கிடைக்கும் பழைய திரைப்படப் பிரதிகளில் எதிர்த்திசைத் தவறு நடக்கிறது. அவற்றில் 4 திரைப்பட ஃபிரேம்கள் 10 அரை ஃபிரேம்களாக (ஒன்றுவிட்டு ஒரு கோடுகளை மட்டும் கொண்டவை) பிரிந்து 5 வீடியோ ஃபிரேம்களாக நிரப்பப்பட்டிருக்கும். இந்தப் பின்னலைப் பிரித்து 23.976-க்குத் திரும்பும்போது மொத்த நேரம் மாறுவதே இல்லை. ஆனால் எண் மாறிவிட்டதே என்று ஒலியையும் இழுத்துவிடுபவர்கள் உண்டு. அதேபோல், 29.97 வீடியோவில் 'டிராப் ஃபிரேம்' என்று குறிக்கப்படும் நேரக்குறியீட்டில் நீக்கப்படுவது ஃபிரேம் எண்கள் மட்டுமே. படத்தில் ஒன்றும் குறைவதில்லை, ஒலியிலும் எதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை.

நேரம் மாறும் வழியைத் தேர்ந்தவர்கள் வசனவரிக் கோப்பையும் அத்தியாயக் குறிகளையும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும். வசனவரி முதல் வரியில் பொருந்தி, கடைசி வரியில் பல நொடிகள் தள்ளி வந்தால், ஒலியின் மொத்த நேரம் மாறிய அதே பின்னத்தால் அதன் நேரங்களைப் பெருக்கினால் போதும்.