டெக்சஸ் கவுண்டியின் பட்ஜெட்டும் வரி விகிதமும்: வீட்டு உரிமையாளர் பின்தொடர்வது எப்படி?

அமெரிக்க மாநிலமான டெக்சஸில், கவுண்டி எனப்படும் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதிகளில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் ஒரு செய்தி வரும்: "கவுண்டி இந்த ஆண்டு வரி விகிதத்தைக் குறைத்துவிட்டது." அக்டோபரில் ரசீது வந்ததும் பார்த்தால், கட்ட வேண்டிய தொகை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. விகிதம் உண்மையிலேயே குறைந்திருக்கும். ஆனால் அந்த விகிதம் எதன் மேல் விதிக்கப்படுகிறதோ அந்தச் சொத்து மதிப்பு அதைவிட வேகமாக ஏறியிருக்கும். ஆகவே கவுண்டியின் வரியைப் பின்தொடர விரும்புபவர் சென்ற ஆண்டின் விகிதத்தோடு இந்த ஆண்டின் விகிதத்தை ஒப்பிடுவதை முதலில் விட்டுவிட வேண்டும். ஒப்பிட வேண்டிய எண் வேறொன்று இருக்கிறது; அது எங்கே எப்போது கிடைக்கும் என்பதை அறிந்துகொள்வதுதான் இதில் பாதி வேலை.

தொடங்குவதற்கு முன் பழைய வரி ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பள்ளி மாவட்டம், நகரம், கவுண்டி, மருத்துவமனை மாவட்டம், சமுதாயக் கல்லூரி எனப் பல அமைப்புகளின் பெயர்கள் தனித்தனி வரிசைகளில் இருக்கும். பெரும்பாலான ரசீதுகளில் மிகப் பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்கு உரியது. பள்ளி வரிக்காகக் கவுண்டி கூட்டத்தில் போய்ச் சண்டையிடுவதால் பயன் இல்லை. கவுண்டி என்ற பெயருக்கு எதிரே உள்ள தொகையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸில் 254 கவுண்டிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஆள்வது 'கமிஷனர்கள் கோர்ட்' எனப்படும் ஐந்து பேர் கொண்ட குழு: கவுண்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டி ஜட்ஜ் ஒருவர், நான்கு பகுதிகளிலிருந்து ஒவ்வொருவராக நான்கு கமிஷனர்கள். கோர்ட் என்ற பெயரைக் கண்டு வழக்காடும் இடம் என்று நினைத்துவிடக் கூடாது. இது பட்ஜெட்டை நிறைவேற்றி வரியை விதிக்கும் ஆட்சிமன்றம். உங்கள் வீடு எந்தக் கமிஷனரின் பகுதியில் வருகிறது என்பதை இப்போதே பார்த்து வைத்தால் பிற்பாடு மின்னஞ்சல் அனுப்ப உதவும்.

இனி காலவரிசை. சொத்தின் மதிப்பு ஜனவரி 1 அன்று உள்ள நிலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இதைச் செய்வது கவுண்டி அன்று. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் தனி அமைப்பு. வீடுகளுக்கான மதிப்பு அறிவிப்புகள் பொதுவாக ஏப்ரலில் வந்து சேரும். மதிப்பு மிகை என்று கருதினால் மே 15-க்குள், அல்லது அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள், எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு பெற்ற வீட்டின் வரிக்குரிய மதிப்பு, புதிய கட்டுமானம் சேர்க்கப்படாத வரை, ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. எதிர்ப்புகள் விசாரிக்கப்பட்ட பின், ஜூலை 25-க்குள் தலைமை மதிப்பீட்டாளர் கவுண்டியின் மொத்த வரிக்குரிய மதிப்பைச் சான்றளித்துத் தருவார். அந்த ஒரு தாள் கைக்கு வரும்வரை கமிஷனர்கள் பேசுவதெல்லாம் உத்தேசக் கணக்கே.

இதற்கிடையில் பட்ஜெட் பக்கத்தில் வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். துறைகள் தங்கள் தேவையை எழுதித் தரும். பட்ஜெட்டைத் தயாரிப்பவர் யார் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது: 2,25,000 பேர் வரை உள்ள கவுண்டியில் அது கவுண்டி ஜட்ஜின் பொறுப்பு, அதற்கு மேல் போனால் கவுண்டி ஆடிட்டரின் பொறுப்பு. 1,25,000-க்கு மேல் மக்கள் உள்ள கவுண்டிகளில் கமிஷனர்கள் கோர்ட் இதற்கெனத் தனி அலுவலரை நியமித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆடிட்டரை நியமிப்பவர்கள் கமிஷனர்கள் அல்லர், மாவட்ட நீதிபதிகள் என்பது கவனிக்கத்தக்கது. வருவாய்க் கணிப்பைச் சொல்பவர் செலவு செய்பவர்களின் கைப்பிடிக்குள் இல்லாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

கமிஷனர்கள் விருப்பம்போல் வெட்டக்கூடிய பகுதி பலர் நினைப்பதைவிடச் சிறியது. சிறை, நீதிமன்றங்கள், வசதியற்ற குற்றஞ்சாட்டப்பட்டோருக்கான வழக்கறிஞர் செலவு, ஏழைகளின் மருத்துவம் ஆகியவை சட்டம் சுமத்திய கடமைகள். ஷெரீஃப் உள்ளிட்ட பல அதிகாரிகள் தாமே தேர்தலில் வென்று வந்தவர்கள். கமிஷனர்கள் அவர்களுக்குப் பணம் ஒதுக்கலாம், ஆணையிட முடியாது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள கவுண்டிகள் சட்ட அமலாக்கத்துக்கான ஒதுக்கீட்டைக் குறைக்க விரும்பினால் வாக்காளர்களின் ஒப்புதல் தேவை என்று 2021-இல் ஒரு சட்டமும் வந்தது. ஆகவே "செலவைக் குறையுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, பட்ஜெட் ஆவணத்தில் எந்த ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று சுட்டுவதே பயன் தரும்.

அந்த ஆவணத்தைத் திறந்ததும் முகப்புப் பக்கத்தைப் படியுங்கள். சென்ற ஆண்டைவிடக் கூடுதல் சொத்து வரி திரட்டும் பட்ஜெட்டாக இருந்தால், எவ்வளவு டாலர் கூடுதல், எத்தனை விழுக்காடு, அதில் புதிதாகச் சேர்ந்த சொத்துகளிலிருந்து வருவது எவ்வளவு என்பதை 18 புள்ளி அல்லது அதைவிடப் பெரிய எழுத்தில் அங்கே அச்சிட வேண்டும் என்பது சட்டம். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்ட நேரம் இல்லாதவருக்கு அந்த ஒரு பத்தியே போதும்.

இப்போது விகிதத்துக்கு வருவோம். டெக்சஸில் விகிதம் 100 டாலர் மதிப்புக்கு இத்தனை டாலர் என்று சொல்லப்படும். அதற்குள் இரண்டு துண்டுகள் உண்டு: ஒன்று அன்றாட நிர்வாகத்துக்கும் பராமரிப்புக்கும் உரியது, மற்றொன்று வாங்கிய கடனை அடைப்பதற்கு உரியது. இவற்றை வைத்து ஒவ்வோர் ஆண்டும் இரண்டு எண்கள் கணக்கிடப்படுகின்றன. முதலாவது 'நோ நியூ ரெவென்யூ' விகிதம்: சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் வரிப்பட்டியலில் உள்ள அதே சொத்துகளிலிருந்து அதே அளவு பணத்தைத் திரட்டும் விகிதம். நான் மேலே சொன்ன, ஒப்பிட வேண்டிய எண் இதுதான். இரண்டாவது வாக்காளர் ஒப்புதல் விகிதம்: இதைத் தாண்டினால் கவுண்டி மக்களிடம் தேர்தலுக்குப் போயாக வேண்டும். முன்பு நிர்வாகத் துண்டில் 8 விழுக்காடு வரை உயர்த்த இடம் இருந்தது. 2019-இல் இயற்றப்பட்ட சொத்து வரிச் சீர்திருத்தச் சட்டம் அதைக் கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் 3.5 விழுக்காடாகச் சுருக்கியது.

ஒரு கற்பனைக் கவுண்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். சென்ற ஆண்டு மொத்த வரிக்குரிய மதிப்பு 1,000 கோடி டாலர், விகிதம் 0.40, அதில் 0.35 நிர்வாகத்துக்கு, 0.05 கடனுக்கு. வசூலாக வேண்டியது 4 கோடி டாலர். இந்த ஆண்டு அதே சொத்துகளின் மதிப்பு 1,100 கோடி ஆகிவிட்டது. புதிதாகக் கட்டப்பட்டவை 50 கோடி. பழைய சொத்துகளிலிருந்து அதே 4 கோடியைத் திரட்ட 0.3636 போதும், இதுவே நோ நியூ ரெவென்யூ விகிதம். வாக்காளர் ஒப்புதல் விகிதத்துக்கு நிர்வாகத் துண்டை மட்டும் எடுக்க வேண்டும்: பழைய 3.5 கோடியை 1,100 கோடியால் வகுத்தால் 0.3182, அதை 3.5 விழுக்காடு கூட்டினால் 0.3293. இந்த ஆண்டுக் கடன் தவணை 55 லட்சம் டாலர் என்றால், அதை மொத்த 1,150 கோடியால் வகுக்க 0.0478. இரண்டையும் சேர்த்தால் 0.3771. கமிஷனர்கள் 0.375 என்று முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 0.40-இலிருந்து 0.375-க்கு இறங்கியிருப்பதால் விகிதக் குறைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், தேர்தலும் தேவையில்லை. ஆனால் 4,00,000 டாலரிலிருந்து 4,40,000 டாலருக்கு ஏறிய ஒரு வீடு சென்ற ஆண்டு கட்டிய 1,600 டாலருக்குப் பதில் 1,650 கட்டும்.

உண்மையான கணக்கில் இன்னும் சில சேர்மானங்கள் உண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளில் பயன்படுத்தாமல் விட்ட உயர்வு வரம்பைக் கவுண்டி இந்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம். 30,000-க்கும் குறைவான மக்கள் உள்ள நகரங்களுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. பேரிடருக்குப் பின் பழைய 8 விழுக்காட்டு வரம்புக்குத் திரும்பவும் சில நிபந்தனைகளோடு இடமுண்டு. எனவே 3.5 என்ற எண்ணை இரும்புக் கதவு என்று நம்பிவிட வேண்டாம். மாநிலக் கணக்காளர் அலுவலகம் வகுத்த 50-856 எண் படிவத்தில் இந்தக் கணக்கு முழுவதும் வரிசையாக நிரப்பப்பட்டு வெளியிடப்படுகிறது. அதைப் பார்த்தால் எந்தச் சேர்மானம் எடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

நோ நியூ ரெவென்யூ விகிதம், வாக்காளர் ஒப்புதல் விகிதம் இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டி விகிதம் விதிக்க எண்ணினால், கமிஷனர்கள் முன்மொழிவின் மேல் பெயர் பதிந்து வாக்களித்து, அறிவிப்பு வெளியிட்டு, பொது விசாரணை நடத்த வேண்டும். எந்தக் கமிஷனர் எப்படி வாக்களித்தார் என்பது அந்த அறிவிப்பிலேயே இருக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் உங்கள் சொத்துக்கான உத்தேச வரியை இணையத்தில் எங்கே பார்க்கலாம் என்ற அறிவிப்பு ஒன்றும் வெளியாகும். பேசப் போகிறவர் நிகழ்ச்சி நிரலில் பட்ஜெட் விசாரணையும் வரி விசாரணையும் தனித்தனியே இருப்பதைக் கவனித்து, செலவு பற்றிய பேச்சை முதலாவதில் முடித்துவிட வேண்டும். பொதுவாகப் பட்ஜெட் நிறைவேறிய பிறகே விகிதம் வாக்குக்கு வரும். அப்போது கமிஷனர்களின் கைகள் ஏறக்குறைய கட்டப்பட்டுவிட்டன. பேசக் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால், முன்மொழியப்பட்ட விகிதம், நோ நியூ ரெவென்யூ விகிதம், இரண்டுக்கும் இடையிலான தொகை எந்தச் செலவுக்கு என்ற கேள்வி, இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாக்கெடுப்பில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. கமிஷனர்கள் கோர்ட்டின் மற்ற வேலைகளுக்கு மூன்று பேர் இருந்தால் போதும். வரி விதிக்க மட்டும் நான்கு பேர் அமர்ந்திருக்க வேண்டும். ஹூஸ்டன் நகரம் அமைந்துள்ள ஹாரிஸ் கவுண்டியில் 2022-இல் இரண்டு கமிஷனர்கள் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிட, பெரும்பான்மையினர் விரும்பிய விகிதத்தை நிறைவேற்ற முடியவில்லை. செப்டம்பர் 30, அல்லது சான்றளித்த பட்டியல் வந்த 60-ஆம் நாள், இவற்றில் பிந்தியதற்குள் விகிதம் நிறைவேறாவிட்டால், அந்த ஆண்டின் நோ நியூ ரெவென்யூ விகிதம், சென்ற ஆண்டின் விகிதம் ஆகிய இரண்டில் குறைவானது தானாகவே நடைமுறைக்கு வரும். ஹாரிஸ் கவுண்டி நோ நியூ ரெவென்யூ விகிதத்தோடு அந்த ஆண்டைக் கடந்தது.

வாக்காளர் ஒப்புதல் விகிதத்தைத் தாண்டும் திட்டமாக இருந்தால் கால அட்டவணை இன்னும் நெருக்கமானது. நவம்பர் தேர்தலுக்கு 71 நாள்களுக்கு முன்பே, அதாவது ஆகஸ்ட் இறுதிக்குள், விகிதத்தை நிறைவேற்றியிருக்க வேண்டும். மக்கள் மறுத்துவிட்டால் விகிதம் வாக்காளர் ஒப்புதல் விகிதத்துக்கு இறங்கும்.

ரசீதுகள் அக்டோபரில் கிளம்பும். ஜனவரி 31-க்குள் கட்டாவிட்டால் பிப்ரவரி 1 முதல் அபராதமும் வட்டியுமாக 7 விழுக்காடு சேரும். அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு விகிதத்தைப் பற்றி எதுவும் செய்ய முடியாது. அதைக் கட்டி முடிக்கும் வேளையில் அடுத்த ஆண்டுக்கான ஜனவரி 1 மதிப்பீட்டு நாளும் கடந்திருக்கும்.