சைகோனில் முதல் பான் மீ: சாப்பிடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு காலை, வியட்நாமின் சைகோன் நகரத்தில், பென் தான் என்ற சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பான் மீ தள்ளுவண்டி முன்னால் நின்றிருந்தேன். பான் மீ என்றால், நீளமான ரொட்டியைப் பிளந்து இறைச்சியோ முட்டையோ ஊறுகாயோடு அடைத்துத் தருவது. எனக்கு முன்னால் கோயம்புத்தூர்க்காரர்கள், புதிதாகக் கல்யாணமான ஜோடி. அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நான்கு பான் மீ வாங்கினார்கள். இரண்டை நின்றபடியே சாப்பிட்டார்கள், மீதி இரண்டைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி முதுகுப்பைக்குள் திணித்தார்கள். "மத்தியானம் கூ சி சுரங்கத்துல சாப்பிட்டுக்கலாம்ங்கண்ணா" என்றார் அந்தத் தம்பி. ஆறு வருஷத்துக்கு முன் நான் செய்த அதே காரியம். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். கூட்டம் உள்ள கடையாகப் பாருங்கள், கை கழுவுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாளே பேர்போன கடைக்கு ஓடுவது

வேண்டாம். அங்கே வரும் ரொட்டி ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம், அவ்வளவு இறைச்சி அடுக்கியிருப்பார்கள். பான் மீயின் ருசி ரொட்டிக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள அளவில் இருக்கிறது. அதைத் தெரு முனை வண்டியில்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊறுகாயை எடுத்துப் போட்டுவிடுவது

வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறிய முள்ளங்கி, கேரட் துண்டுகள் அவை. அந்தப் புளிப்பு இல்லாமல் ஈரலை அரைத்துத் தடவும் பேட்டேயும் முட்டை வெண்ணெயும் நாலாவது கடியிலேயே திகட்டிவிடும். மிளகாயை வேண்டுமானால் குறைக்கச் சொல்லுங்கள், ஊறுகாயைத் தொடாதீர்கள்.

வாங்கி வைத்து, அப்புறம் சாப்பிடுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

அன்றைக்கு காலை ஆறரைக்கு மூன்று பான் மீ வாங்கிக்கொண்டு கான் தோ என்ற ஊருக்கு பஸ் ஏறினேன். ஒன்றை பஸ்ஸிலேயே சூடாகச் சாப்பிட்டேன், அருமை. மற்ற இரண்டும் பையில் கிடந்தன. ஏப்ரல் மாத வெயில். மூன்று மணிக்கு ஓட்டல் அறையில் ஒன்றைப் பிரித்தபோது ரொட்டி ஈரத்துணி மாதிரி துவண்டிருந்தது, ஆனால் கெட்ட வாடை எதுவும் இல்லை, காசு கொடுத்து வாங்கியது என்று முழுசாகச் சாப்பிட்டேன். இரவு ஏழு மணிக்கு ஆரம்பித்த வாந்தி விடியும்வரை நிற்கவில்லை. கான் தோவுக்குப் போனதே காய் ராங் மிதக்கும் சந்தையைப் பார்க்கத்தான், அது விடியற்காலையில் நடப்பது. இரண்டு விடியலும் எனக்குப் படுக்கையில் போயின. டாக்டர் செலவு, அறை வாடகை எல்லாம் சேர்த்தால் அந்தப் பணத்துக்கு ஒரு மாதம் தினமும் பான் மீ சாப்பிட்டிருக்கலாம். கடைக்காரம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் கொடுத்தது சுடச்சுட, உடனே சாப்பிட. எட்டு மணி நேரம் வெயிலில் சுமந்தது நான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஈரலை அரைத்துச் செய்த பேட்டே, பச்சை முட்டை மஞ்சள் கருவை எண்ணெய் விட்டு அடித்த வெண்ணெய், வேகவைத்து ஆறவைத்த பன்றி இறைச்சித் துண்டுகள், கழுவிய ஈரத்தோடு வெள்ளரியும் கொத்தமல்லியும். கிருமிகள் வேகமாகப் பெருக இதைவிட வசதியான இடம் கிடையாது. இப்படிப்பட்ட சாப்பாட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சைகோனில் பெரும்பாலான நாள் மதியம் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. திரும்பச் சூடு பண்ணிவிடலாம் என்பார்கள் சிலர். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விடும் நஞ்சு சூட்டில் அழியாது, கிருமி செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும்.

"கையில் எடுத்துக்கொண்டு போகத்தானே இதையே கண்டுபிடித்தார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ரொட்டி தனியாக, இறைச்சியும் சீஸும் தட்டில் தனியாக வரும், உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். 1954-இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள். அப்படி வந்த ஒரு குடும்பம் 1958-இல் சைகோனில் தொடங்கியதுதான் ஹோவா மா கடை. வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிறவர்களுக்கு உட்கார நேரமில்லை என்று எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். ஆக, இது நடந்துகொண்டே சாப்பிடப் பிறந்த உணவு, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகப் பிறந்தது இல்லை. காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தருவதும் அதற்குத்தான். பிளாஸ்டிக் பையில் கட்டினால் சூட்டின் ஆவி உள்ளேயே நின்று, ரொட்டியின் மெல்லிய மொறுமொறு மேலோடு பத்து நிமிஷத்தில் தோல் மாதிரி இழுக்கும்.

பயணத்துக்கு ஏதாவது வேண்டும் என்றால் வெறும் ரொட்டியும், லாஃபிங் கவ் சீஸ் முக்கோணங்களும் வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளூர்க்காரர்களே விரும்பிச் சாப்பிடுவதுதான். இல்லாவிட்டால் இறங்குகிற ஊரில் புதிதாக வாங்குங்கள், பான் மீ வண்டி இல்லாத ஊர் அங்கே கிடையாது. இதையெல்லாம் அந்தக் கோயம்புத்தூர் தம்பியிடம் சொன்னேன். அந்தப் பெண் உடனே பையைத் திறந்து ஒன்றை அவரிடம் நீட்டினார், இன்னொன்றை எனக்குக் கொடுத்தார்.

"முட்டை மட்டும்" என்றால் சைவம் என்று நினைப்பது

முட்டை பான் மீ கேட்டாலும் பழக்கத்தில் முதலில் பேட்டேயைத் தடவிவிடுவார்கள், அது பெரும்பாலும் பன்றி ஈரல். முழுச் சைவம் வேண்டுமானால் கேட்க வேண்டிய ஒரே சொல் "சாய்" (chay). அந்தச் சொல் எழுதிய வண்டிகளில் டோஃபு, காளான், கோதுமைப் புரதத்தில் செய்த துண்டுகள் கிடைக்கும், முறையாகச் செய்கிறவர்கள் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் பௌத்தர்கள் பலர் சைவம் என்பதால், அந்த நாட்களில் தேடி அலைய வேண்டியதில்லை.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இன்னொன்று. பலகையில் மாட்டுக்கும் வெண்ணெய்க்கும் ஒரே இரண்டு ஆங்கில எழுத்துதான், பி, ஓ. ஓவின் தலையில் சாய்ந்த கோடு இருந்தால் மாடு, பக்கத்தில் சின்னக் கொக்கி இருந்தால் வெண்ணெய்.

நோட்டைப் பார்க்காமல் நீட்டுவது

20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். பூஜ்ஜியத்தை எண்ணிவிட்டுக் கொடுங்கள்.