‘செட்’: எங்கே பொருந்தும், எங்கே சறுக்கும்

சேலத்தில் தட்டுவடை செட் கேட்டால், இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்துத் தருவார்கள். வயலுக்குப் போனால் பம்ப் செட்டு. சேர்ந்தே இருக்க வேண்டியவை என்ற இந்தப் பொருளில், ஆங்கிலம் பேசும்போதும் ‘செட்’ (set) என்ற சொல்லால் சிக்கல் குறைவு. வளையல் பன்னிரண்டு இருந்தாலும் செட் ஒன்றுதான் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்: ‘திஸ் செட் ஆஃப் பேங்கிள்ஸ் இஸ்’. பக்கத்தில் பன்மை நிற்பதால் பலர் ‘ஆர்’ போட்டுவிடுகிறார்கள்.

வினையாக வரும்போதுதான் ஆட்டம் காட்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவே இதற்குத்தான். இறந்தகாலத்திலும் செட்தான், ‘செட்டட்’ கிடையாது. ‘ஹி செட்ஸ் தி அலாரம்’ என்றால் தினமும் வைக்கிறான். கடைசி ‘ஸ்’ இல்லாவிட்டால் வைத்துவிட்டான்.

அடுத்து, ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். கப்பை மேசையில் வைத்தால் ‘செட் தி கப்’. ஆள் தானாக உட்கார்ந்தால் ‘சிட்’, ‘சேட்’. கொலுசில் கல் பதித்தால் ‘ஸ்டோன்ஸ் செட் இன் சில்வர்’. கான்கிரீட் இறுகுவது, தயிர் உறைவது, சூரியன் மறைவது எல்லாம் தானாக நடப்பவை, ‘எதை’ தேவையில்லை, ஆனாலும் ‘செட்’தான். ஏற்காட்டுக் காபியும் இந்த வகைதான். மார்ச், ஏப்ரல் மழையில் நனைந்த செடி ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளையாகப் பூத்துத் தள்ளும். பூ காயாகப் பிடிப்பது ‘ஃப்ரூட் செட்’. பூ விரிந்த அன்றே மழை அடித்தால் மகரந்தம் கெட்டு, பிடிப்பு குறையும். நன்றாகப் பிடித்திருந்தால் ‘தி ஃப்ரூட் ஹேஸ் செட் வெல்’.

நம்மூர்ச் செட்டை அப்படியே ஆங்கிலத்துக்குள் தள்ளினால் மாட்டிக்கொள்வோம். ‘இந்தக் கலர் எனக்கு செட் ஆகல’ என்பதற்கு ‘டஸன்ட் சூட் மீ’. ‘அவன் எங்க செட்டு’ என்பதற்கு ‘மை பேட்ச்’.

‘செட்டப்’ என்றாலே நமக்கு ஏதோ தில்லுமுல்லு. ஆங்கிலத்தில் ‘செட் அப் எ ஷாப்’ என்பது வெறும் கடை தொடங்குவது. இன்டர்வியூவில் தயங்காமல் சொல்லலாம். ஆளைச் சேர்த்தால் கதை மாறும்: ‘தே செட் மீ அப்’ என்றால் பெரும்பாலும் திட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். ‘இட்’, ‘மீ’ போன்ற சிறுசொற்கள் நடுவில்தான் வரும். ‘செட் அப் இட்’ தவறு.

‘செட் ஆஃப் (off) ஃபார் ஏற்காடு’ என்றால் கிளம்புவது. ‘செட் ஆஃப் தி அலாரம்’ என்றால் அலறவிடுவது. மலையில் குளிர் பிடித்துக்கொண்டால் ‘தி கோல்ட் ஹேஸ் செட் இன்’. இதற்குப் பின் எதையும் சேர்க்க வேண்டாம்.