பாதியில் நிற்கும் ஆய்வேட்டை முடிக்க வைப்பது எப்படி?

தரவு சேகரித்தாயிற்று, பகுப்பாய்வும் ஏறக்குறைய முடிந்தது. ஆய்வேடு மட்டும் நகரவில்லை. முனைவர் பட்ட மாணவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் உதவி தேடி உங்களிடம் வருவார்கள். "எப்போது முடிப்பீர்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதை எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

முதல் சந்திப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, கோப்புகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "மூன்றாம் இயல் ரெடி" என்பார். திறந்தால் சொந்தமாக எழுதியது நான்கு பக்கம், வெட்டி ஒட்டிய மேற்கோள்கள் இருபது பக்கம் இருக்கும். ஒவ்வொரு இயலுக்கும் எந்தத் துணைத்தலைப்பு எழுதவில்லை, எந்த அட்டவணை இல்லை, நெறியாளர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் சமர்ப்பிப்பு விதிகளையும் அன்றைக்கே இருவரும் படித்துவிடுங்கள்.

அடுத்தது கால அட்டவணை. இதில் மாணவரின் கணிப்பை அப்படியே நம்பக் கூடாது. உளவியலாளர் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இளங்கலை ஆனர்ஸ் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டுக்குச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனாலும் 49 நாள் என்றார்கள். ஆனது சுமார் 55 நாள். எனவே மாணவர் சொல்லும் நாளை ஒன்றரை மடங்காக்குங்கள். நெறியாளர் படித்துத் திருப்பித் தரும் நாட்களைத் தனியாகக் கூட்டுங்கள். பெரும்பாலும் விடுபடுவது அதுதான்.

எழுதும் வரிசை அச்சில் வரும் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. செய்ததைச் சொன்னால் போதும் என்பதால் ஆய்வு முறையியலில் தொடங்கலாம். பிறகு முடிவுகள், விவாதம்; அறிமுகம் அதற்கப்புறம், ஆய்வுச் சுருக்கம் கடைசியில். பலர் மாட்டிக்கொள்வது முன்னாய்வு இயலில், அதாவது பிறர் முன்பு செய்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இயலில். புதுக் கட்டுரை வந்துகொண்டேதான் இருக்கும், படிப்பதும் வேலை செய்வது போலவே தோன்றும். ஒரு தேதியைக் குறித்து வாசிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பின் வருபவற்றில், தேர்வாளர் கட்டாயம் கேட்பார் என்று தோன்றுபவற்றை மட்டும் சேர்த்தால் போதும்.

"விவாத இயலை எழுது" என்பது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. "நான்காம் அட்டவணையில் இரண்டாம் குழுவின் மதிப்பெண் ஏன் குறைந்தது? 300 சொற்கள்" என்றால் முடியும். 45 நிமிடம் எழுதட்டும். அந்த நேரத்தில் திருத்தக் கூடாது, மேற்கோள் தேடக் கூடாது. தெரியாத இடத்தில் "ஆண்டு பார்க்க" என்று மஞ்சளில் போட்டுவிட்டுத் தாண்டட்டும். எழுந்திருக்கும் முன் நாளைய முதல் வாக்கியம் எதைப் பற்றி என்று ஒரு வரி.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சந்தியுங்கள். முந்தின நாள் இரவே கோப்பு வந்துவிட வேண்டும், எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் சரி. வராவிட்டால் சந்திப்பைத் தள்ளிவைக்காதீர்கள். வெட்கத்தில் ஆள் காணாமல் போவது அப்போதுதான். அந்த அரை மணி நேரத்தை எழுதவே கொடுங்கள். ஆனால் அவருக்காக ஒரு வாக்கியமும் நீங்கள் எழுதித் தராதீர்கள். அது உதவி அல்ல, மோசடி. தூக்கமின்மை, கடும் பதற்றம் என்று தெரிந்தால் மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

நெறியாளருக்கு 200 பக்கத்தை அனுப்பி "பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் மாதக்கணக்கில் மௌனம், இல்லையேல் எழுத்துப்பிழைத் திருத்தம். ஓர் இயல், மூன்று கேள்வி, பதில் தேவைப்படும் தேதி: இப்படி அனுப்பச் சொல்லுங்கள். வந்த கருத்துகளை அட்டவணையாக்கி, எதிரே என்ன மாற்றினோம், எந்தப் பக்கம் என்று எழுதித் திருப்பி அனுப்பினால், ஏற்கெனவே தீர்ந்த விஷயம் மறுபடி கிளம்பாது.

வடிவமைப்புக்கு முழுதாக இரண்டு வாரம் வேண்டும். வேர்டில் தலைப்பு ஸ்டைல்களைப் பயன்படுத்தியிருந்தால் பொருளடக்கம் தானாக வரும். கையால் அடித்தவர்கள் பக்க எண் மாறும்போதெல்லாம் அழுவார்கள். மேற்கோள்களை நிர்வகிக்கும் ஸோட்டேரோ மென்பொருள் நூற்பட்டியலைத் தந்தாலும், உள்ளே சுட்டியதெல்லாம் பட்டியலில் உண்டா, பட்டியலில் உள்ளதெல்லாம் உள்ளே உண்டா என்று இரு பக்கமும் சரிபார்க்க வேண்டும். வெளியான எழுத்துகளோடு ஒத்துப்போகும் வரிகளைக் கண்டுபிடிக்கும் ஒப்புமைச் சோதனையைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்: மாணவர் ஏற்கெனவே வெளியிட்ட சொந்தக் கட்டுரையே அதில் சிக்கும், அதற்கு விளக்கக் கடிதம் வாங்கவும் நாள் பிடிக்கும்.