செக் எழுதிக் கொடுத்ததும் வங்கிப் பணம் கைமாறிவிடுமா?

கைமாறாது. கணக்கில் போட்ட பணம் நம் பெயரெழுதிய உறையில் தனியாகக் கிடப்பதில்லை. போட்டதுமே அது வங்கியின் பணம். அத்தொகைக்கு வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 1848-இல் ஃபோலி - ஹில் வழக்கிலேயே இங்கிலாந்தில் இது தீர்ப்பாகிவிட்டது. செக் என்பது "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்று வங்கிக்கு நாம் எழுதும் உத்தரவு. அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பு, பிரிவு 3-408, செக் தன்னளவில் பணத்தை மாற்றித் தராது என்றும், வங்கி ஏற்காதவரை செக்கின்பேரில் அதற்குப் பொறுப்பில்லை என்றும் சொல்கிறது.

கணக்கில் 1,000 டாலர். கூரை வேய்ந்தவருக்குத் திங்களன்று 800 டாலருக்குச் செக் கொடுக்கிறீர்கள். அவர் அதைப் பையிலேயே வைத்திருக்கிறார். புதனன்று வேறொரு கடனுக்காக நீதிமன்றம் கணக்கை முடக்குகிறது. வெள்ளியன்று போட்ட செக் திரும்பிவிடும். "திங்களே என் பணமாகிவிட்டது" என்று அவர் வங்கியிடம் வாதாட முடியாது. உங்களிடம் கேட்கலாம், கூலிக்கடன் அப்படியே நிற்கிறது. திரும்பிய செக்தான் சான்று, அதைக் கிழித்துப் போடக் கூடாது.

ஆகவே செக் வாங்கினால் அன்றே போடுங்கள். கணக்கில் தொகை தெரிவதை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். அது தற்காலிக வரவு, செக் திரும்பினால் வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பெரிய தொகையென்றால் வங்கி சான்றளித்த செக்கைக் கேளுங்கள். சான்றளித்ததும் வங்கியே பொறுப்பு, எழுதியவர் விடுபடுகிறார். போலியும் உலவுவதால், செக்கில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, வங்கியின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்து உறுதிசெய்யுங்கள்.

அமெரிக்கச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் "பணம் கொடுக்க வேண்டாம்" என்று வங்கியிடம் சொல்லிச் செக்கை நிறுத்தலாம். வாய்மொழியாகச் சொன்னால் 14 நாளில் காலாவதி. எழுத்தில் தந்தால் 6 மாதம் நிற்கும். கணக்கு எண், செக் எண், தொகை மூன்றும் பிசகாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கணினியில் தப்பிவிடும். நிறுத்தியதால் கடன் தீராது. 6 மாதம் கடந்த செக்கைக் கொடுக்க வங்கி கட்டுப்பட்டதில்லை, ஆனால் நல்லெண்ணத்தோடு கொடுத்துவிடலாம். பழைய செக்தானே என்று அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

அதே சட்டப்படி, எழுதியவர் இறந்தால், அது தெரிந்த பின்னும் இறந்த நாளிலிருந்து 10 நாள் வரை வங்கி கொடுக்கலாம், உரிமை கோருபவர் எவரும் தடுக்காவிட்டால். அதற்குப்பின் கடனுக்காகத் தந்த செக்கென்றால் சொத்திலிருந்து கேட்கலாம். அன்பளிப்பாகத் தந்த செக்கோ, அவர் உயிரோடிருக்கும்போதே பணமாகாவிட்டால், பெரும்பாலும் வெறும் காகிதம்தான்.