பூநாரைப் படம் குழைந்தது ஏன்?
தனுஷ்கோடி சாலையில், கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் காருக்குள்ளிருந்து பூநாரையைப் படம் எடுத்தால், படமெல்லாம் சோப்புத் தண்ணீருக்குள் பார்த்த மாதிரி குழையும். லென்ஸை சர்வீசுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். கோளாறு காரில்தான்! ஏசி போட்ட வண்டியில் கண்ணாடியை இறக்கியதும் குளிர்காற்றும் வெளி வெக்கையும் லென்ஸ் முன்னாடியே கலந்து அலையடிக்கிறது. இப்போதெல்லாம் வெகு முன்பே ஏசியை அணைத்து, நாலு கண்ணாடியையும் இறக்கிவிடுவேன். நிறுத்தியதும் என்ஜின் ஆஃப். இல்லாவிட்டால் என்ஜின் நடுக்கம், தூரத்தை நெருக்கிக் காட்டும் 400 எம்எம் லென்ஸில் அப்படியே தெரியும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, முக்கால்வாசி அரிசி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் போட்டு அதன்மேல் லென்ஸை வைக்கிறேன். முட்ட நிரப்பினால் லென்ஸ் உருளும். மணல் வேண்டவே வேண்டாம், கேமராவுக்குள் போய்விடும். ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வெயில் ஏறிவிட்டால் கானலுக்கு மட்டும் மருந்து கிடையாது. ராமேஸ்வரம் திரும்பி டீ குடிக்கலாம்.